மடியும் கிளையும்

குறுந்தொகையின் 69-ஆம் பாடல் கடுந்தோட் கரவீரனார் பாடியது. நள்ளிரவில் மலைவழியே வந்துபோகும் தலைவனிடம், இனி அப்படி வரவேண்டாம், எங்களுக்கு அச்சமாக இருக்கிறது என்று தோழி சொல்லும் குறிஞ்சிப் பாட்டு. அந்த அச்சத்தைச் சொல்லக் கவிஞர் எடுத்துக்கொண்டது ஒரு குரங்குக் குடும்பத்தின் கதை. ஆண் குரங்கு இறந்துவிடுகிறது. கைம்மையைத் தாங்கமாட்டாத மந்தி, குரங்குக்குரிய தொழில் எதையும் இன்னும் கற்றிராத தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு, உயர்ந்த மலையிலிருந்து பாய்ந்து உயிரை விடுகிறது.

இப்பாடலைப் பேசுவோர் பெரும்பாலும் மந்தியின் காதலை வியப்பார்கள். நாம் இங்கே நின்று பார்க்க விரும்புவது, சாவதற்கு முன் அது செய்த ஒரு காரியத்தை. குட்டியைச் சுற்றத்திடம் சேர்க்கிறது. சுற்றத்தைக் குறிக்கக் கவிஞர் ஆளும் சொல் 'கிளை'. குட்டிக்குத் தாய் இல்லாமற் போகலாம். கிளை இல்லாமற் போகக்கூடாது என்பதை அந்த மந்தி அறிந்திருந்ததாக, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் மலைக்குரங்குகளைக் கவனித்த ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

இருபதாம் நூற்றாண்டு உளவியல் இந்த மடியையும் கிளையையும் இரண்டு தனித்தனி அறைகளில் வைத்து ஆராய்ந்தது. தாய்க்கும் சேய்க்கும் உள்ள பிணைப்பு ஓர் அறை. கூட்டம் தனிமனிதனை எப்படி வளைக்கிறது என்ற கேள்வி இன்னோர் அறை. இவ்விரண்டும் ஒரே கேள்வியின் இரு முனைகள் என்று கருதுவதற்கு வேண்டிய சான்றுகளில் சில, வியப்பூட்டும் வகையில், நம்முடைய பழனி மலைத்தொடரைச் சுற்றியே கிடக்கின்றன. அந்த மலையின் குரங்குகள், அங்கே வந்து குடியேறிய வெள்ளைக்காரக் குழந்தைகள், அங்கேயே காலங்காலமாக வாழும் பளியர் ஆகிய மூன்று கூட்டத்தாரின் வரலாற்றை ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1907-ல் பிறந்த இருவர்

முதலில் அந்த இரண்டு அறைகளையும் எட்டிப் பார்த்துவிடுவோம். இரண்டையும் கட்டியவர்கள் ஒரே ஆண்டில், 1907-ல் பிறந்தவர்கள் என்பது ஒரு சுவையான தற்செயல்.

ஜான் பௌல்பி லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். அக்கால மேட்டுக்குடி வழக்கப்படி, தாய் ஒரு நாளில் சிறிது நேரமே பிள்ளைகளைப் பார்ப்பார். வளர்த்தது ஒரு செவிலி. பௌல்பிக்கு நான்கு வயது ஆகும் தறுவாயில் அந்தச் செவிலி வீட்டை விட்டுப் போய்விட்டார். தாயை இழந்ததற்கு நிகரான துயரம் அது என்று பிற்காலத்தில் அவர் கருதினார். சில ஆண்டுகளில் விடுதிப் பள்ளிக்கும் அனுப்பப்பட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின், வீடிழந்த குழந்தைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் அவரிடம் ஓர் அறிக்கை கேட்டது. 1951-ல் அது வெளியானது. குழந்தைக்குத் தாயோடு, அல்லது நிலையாகத் தாயின் இடத்தில் இருக்கும் ஒருவரோடு, நெருக்கமான, இடையறாத, இருவருக்கும் மகிழ்ச்சி தரும் உறவு வேண்டும். உணவைப் போல அதுவும் ஓர் அடிப்படைத் தேவை என்பது அதன் சாரம். அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை ஒன்றை 1952-ல் படமெடுத்துக் காட்டினார். வார்டுக்குள் பெற்றோரை அனுமதிக்காத பிரிட்டிஷ் மருத்துவமனைகளின் விதிகள் தளர்ந்ததில் அந்தச் சிறு படத்துக்கு முக்கியப் பங்குண்டு.

அதே 1951-ல் அமெரிக்காவில் இன்னொரு ஆய்வு அச்சேறியது. சாலமன் ஆஷ் வார்சாவில் பிறந்து, பதின்மூன்று வயதில் அமெரிக்கா வந்த யூதர். ஒரு கோட்டைக் காட்டி, அதற்குச் சமமான கோடு மூன்றில் எது என்று கேட்பது அவருடைய சோதனை. விடை கண்ணெதிரே தெரியும். ஆனால் அறையில் முன்னதாகப் பதில் சொல்பவர்கள் எல்லோரும், ஏற்கெனவே பேசி வைத்துக்கொண்டபடி, ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். சோதனைக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ நால்வரில் மூவர் ஒரு முறையாவது தம் கண்ணை நம்பாமல் கூட்டத்தை நம்பினார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும் போதும், வளைந்துகொடுப்பது பெருமளவு குறைந்துவிட்டது.

இந்த ஆய்வின் வித்து எங்கே விழுந்தது என்பதை ஆஷே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அவருக்கு ஏழு வயது. வார்சாவில் பாஸ்கா இரவு. எலியா தீர்க்கதரிசிக்கென ஒரு கோப்பை மது ஊற்றி வைக்கப்படுகிறது. தீர்க்கதரிசி வந்து பருகுவார், மது குறைகிறதா என்று கூர்ந்து பார் என்கிறார் மாமா. பையன் பார்க்கிறான். மது சற்றே குறைந்தது போலத்தான் தெரிகிறது. கூட்டம் தனிமனிதனை வளைக்கும் விதத்தை ஆராய்ந்த மனிதர், முதன்முதலில் வளைந்தது அன்பான சுற்றத்தின் நடுவே, வீட்டு மேசையில். இந்தச் சிறு கதையிலேயே இரண்டு அறைகளுக்கும் இடையிலுள்ள கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனாலும் உளவியல் பாடநூல்கள் வெகுகாலம் ஒருவரைக் குழந்தை வளர்ப்புப் பகுதியிலும் மற்றவரைச் சமூக உளவியல் பகுதியிலும் வைத்துத் தாழிட்டுவிட்டன.

நாட்டுக்குரங்கின் சாட்சியம்

பிணைப்பு ஆய்வில் மிகப் பெயர்பெற்ற குரங்கு வட இந்தியாவின் செம்முகக் குரங்கு. ரீசஸ் என்று நூல்கள் சொல்வது. போலியோ தடுப்பூசி ஆய்வுகளுக்காக 1950-களில் இக்குரங்குகள் பெருந்தொகையாகக் கப்பலேறின. 1978-ல்தான் இந்தியா இந்த ஏற்றுமதியை முற்றிலுமாக நிறுத்தியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹார்லோவுக்கும் வெளியிலிருந்து வரும் குரங்குகளே மூலதனம். அவை நோயோடு வந்தன. ஆகவே குட்டிகளைப் பிறந்தவுடன் தாயிடமிருந்து பிரித்துத் தனிக்கூண்டுகளில் வளர்க்கத் தொடங்கினார். கூண்டுத் தரையில் விரித்திருந்த துணியைக் குட்டிகள் விடாமல் பற்றிக்கொண்டதும், சுத்தம் செய்ய அதை எடுத்தபோது அலறியதும் அவர் கண்ணில் பட்டன. கம்பியால் செய்த தாய், துணி போர்த்திய தாய் என்ற புகழ்பெற்ற சோதனை அப்படித்தான் பிறந்தது. பால் கம்பித் தாயிடம் இருந்தாலும் குட்டிகள் துணித் தாயையே கட்டிக்கொண்டு கிடந்தன. பாலை விடத் தொடுகை பெரிது என்று 1958-ல் ஹார்லோ அறிவித்தார்.

இந்தச் சோதனையிலும் ஒரு குட்டி, ஒரு தாய், சுற்றிலும் வெற்றுக் கூண்டு. கிளை இல்லை. கிளையை உள்ளே கொண்டுவந்தது வேறொரு குரங்கு. கொடைக்கானல் மலைச்சாலையின் வளைவுகளில் கைப்பிடிச் சுவரின்மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நம் நாட்டுக்குரங்குதான் அது. தலைமயிர் நடுவகிடெடுத்துத் தொப்பி கவிழ்த்தது போல இருப்பதால் குல்லாய்க் குரங்கு என்று நூல்களில் வழங்குவது. தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத இனம்.

நியூயார்க்கின் புரூக்லினில் சார்லஸ் காஃப்மன், லெனார்டு ரோசன்பிளம் என்ற இருவர் 1960-களில் இந்தக் குரங்குகளையும், தென்கிழக்கு ஆசியாவின் பன்றிவால் குரங்குகளையும் தனித்தனிக் கூட்டங்களாக வளர்த்தார்கள். பன்றிவால் தாய் தன் குட்டியைப் பிறர் தொட விடாது. பெரியவை ஒன்றுக்கொன்று விலகியே உட்காரும். நாட்டுக்குரங்குகள் ஓய்வு நேரத்தில் ஒன்றையொன்று ஒட்டிக் குவியலாகக் கிடக்கும்; ஒரு குட்டியைப் பல பெண் குரங்குகள் தொட்டுத் தடவி எடுத்துப் பார்க்கும்.

பிறகு, கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டுத் தாயை மட்டும் நான்கு வார காலம் அகற்றினார்கள். பன்றிவால் குட்டிகள் நான்கில் மூன்று, முதல் நாள் முழுக்கக் கத்தி அலைந்துவிட்டு, பிறகு தலையைக் கால்களுக்கிடையே புதைத்துக்கொண்டு சுருண்டுவிட்டன. எழுந்து நடமாடவே பல நாள் ஆயிற்று. நான்காவது குட்டி அவ்வளவு சோர்ந்துபோகவில்லை. அது கூட்டத்தின் தலைமைப் பெண்ணுக்குப் பிறந்தது, மற்றவற்றோடு ஏற்கெனவே உறவாடப் பழகியிருந்தது. நாட்டுக்குரங்குக் குட்டிகளோ தாய் போனதும் தவித்தன. ஆனால் அந்தப் படுகுழியில் விழவில்லை. சித்திமார்களும் பெரியம்மாமார்களும் எடுத்து அணைத்துக்கொண்டார்கள். ஒரே இழப்பு, சுற்றத்தின் குணம் வேறாக இருந்ததால் துயரத்தின் ஆழம் வேறாயிற்று. கடுந்தோட் கரவீரனாரின் மந்தி நம்பிக் கொடுத்தது வீண்போகவில்லை எனலாம்.

இத்துடன் கதை முடிந்திருந்தால், சுற்றம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற இனிமையான முடிவுக்கு நாம் வந்திருப்போம். ரோசன்பிளம் அதே நாட்டுக்குரங்குகளை வைத்து இன்னொரு சோதனையும் செய்தார், 1984-ல் வெளிவந்தது. இம்முறை யாரும் யாரையும் பிரிக்கவில்லை. தாய்கள் உணவைத் தேடிப் பெறும் விதத்தை மட்டும் மாற்றினார்கள். ஒரு கூட்டத்துக்கு உணவு எளிதாகக் கிடைத்தது. இன்னொரு கூட்டத்துக்கு எப்போதும் பாடுபட்டால்தான் கிடைத்தது. மூன்றாவது கூட்டத்துக்குச் சில வாரம் எளிது, சில வாரம் கடினம். எது எப்போது என்று தெரியாது. மிகவும் கெட்டுப்போனது இந்த மூன்றாவது கூட்டம். தாய்களுக்குள் பூசல் மிகுந்தது. குட்டியின் கூப்பிடுதலுக்குத் தாய் செவிசாய்ப்பது குறைந்தது. குட்டிகள் தாயை விட்டு இறங்க அஞ்சின. அப்படி வளர்ந்த குரங்குகளின் உடலில் பதற்றத்தின் வேதிச் சுவடுகள் வளர்ந்த பின்னும் எஞ்சியிருந்ததைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. எப்போதும் கடினமாக இருந்த கூட்டத்தை விட, நிச்சயமின்மையில் வாழ்ந்த கூட்டமே அதிகம் குலைந்தது என்பதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கிளை இருந்தும், கிளை முழுவதும் கலங்கியிருந்தால் மடி தாங்காது.

மலைக்கு வந்த பிள்ளைகள்

கொடைக்கானல் என்ற ஊர் உருவானதற்கே குழந்தைகளின் சாவு ஒரு காரணம். 1834-ல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷன், சில ஆண்டுகளுக்குள் காய்ச்சலிலும் காலராவிலும் பலரை இழந்தது. மனைவியரும் குழந்தைகளும் அந்தப் பட்டியலில் அதிகம். சிறுமலையில் இடம் தேடிப் பார்த்தார்கள், அங்கும் காய்ச்சல். கடைசியில் 1845-ல் பழனி மலையின் மேற்பரப்பில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். அடிவாரத்தின் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து 'கூலி காட்' என்ற செங்குத்தான பாதையில், டோலியில் வைத்துத் தூக்கித்தான் பெண்களையும் பிள்ளைகளையும் மேலே கொண்டு போனார்கள். தூக்கியவர்கள் இந்த மண்ணின் கூலியாட்கள்.

பிழைத்த பிள்ளைகளுக்கு அடுத்த சிக்கல் படிப்பு. வெள்ளைக்காரக் குடும்பங்களின் வழக்கம், பிள்ளையைக் கப்பலேற்றித் தாய்நாட்டுக்கு அனுப்பிவிடுவது. பிறகு பெற்றோரைப் பார்க்கப் பல ஆண்டுகள் ஆகும். பம்பாயில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங் 1871-ல், ஆறு வயது நிறைவதற்குள், இங்கிலாந்தில் முன்பின் அறியாத ஒரு வீட்டில் விடப்பட்டதும், அந்த ஆண்டுகளின் கசப்பை வாழ்நாள் முழுக்கச் சுமந்ததும் இலக்கிய வாசகர்கள் அறிந்தவை. இதற்கு மாற்றாகத்தான் 1901-ல் கொடைக்கானலில் 'ஹைகிளார்க்' பள்ளி தொடங்கியது. இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியின் மூலம் அது. பெற்றோர் சமவெளியில் ஊழியம் செய்வர்; கோடையில் மலைக்கு வந்து பிள்ளைகளோடு இருப்பர்; குளிர்கால நீண்ட விடுமுறையில் பிள்ளைகள் கீழே இறங்குவர். கடல் கடந்த பிரிவை மலையளவுப் பிரிவாகச் சுருக்கிய ஏற்பாடு இது. பிரிவை அது ஒழிக்கவில்லை. வீட்டில் ஒரு மொழி, விடுதியில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி என்று வளரும் பிள்ளைகளை உருவாக்கியது. ஜான் யூசீம், ரூத் யூசீம் என்ற அமெரிக்கச் சமூகவியல் தம்பதியர் 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கர்களை ஆராய்ந்தபோது, இத்தகைய பிள்ளைகளுக்காகவே 'மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்' என்ற சொற்றொடரை ஆக்கினார்கள். இன்று உலகெங்கும் புழங்கும் அத்தொடரின் பிறப்பிடம் இந்தியா என்பது பலருக்குத் தெரியாது.

விடுதியில் பெற்றோரின் இடத்தை யார் எடுத்துக்கொள்கிறார்கள்? பெரும்பாலும் கூடப் படிக்கும் பிள்ளைகள். இதற்கு மிகக் கூர்மையான ஒரு சான்று பௌல்பியின் காலத்திலேயே இருந்தது. நாஜிகளின் தெரசீன் முகாமில் தாய் தந்தையரை இழந்து, ஒன்றாகவே வளர்ந்த ஆறு யூதக் குழந்தைகள் 1945-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மூன்று, மூன்றரை வயது. பெரியவர்களைக் கடித்தார்கள், துப்பினார்கள். ஆனால் ஆறு பேருக்குள் ஒருவரை விட்டு ஒருவர் நகரமாட்டார்கள். ஒரு பிள்ளை நடைப்பயணத்தில் பின்தங்கினால் மற்றவர்கள் நின்றுவிடுவார்கள். தின்பண்டத்தைத் தமக்கு முன் மற்றவருக்கு நீட்டுவார்கள். 1951-ல் அன்னா பிராய்டும் சோஃபி டானும் எழுதிய கட்டுரை இதை விரிவாகச் சொல்கிறது. மீண்டும் அதே 1951. பௌல்பி ஒருவரைத் தேடிய இடத்தில், இந்தக் குழந்தைகள் ஒரு கிளையைத் தாயாக்கிக்கொண்டிருந்தார்கள். பிணைப்பும் கூட்டத்தின் செல்வாக்கும் அங்கே வேறுவேறாக இல்லை.

காலனிய வீடுகளின் கதையில் வழக்கமாக விட்டுப்போகும் ஒருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். அந்த வீடுகளில் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர் ஆயா. குழந்தை முதலில் பேசியது பலவேளை அவர் மொழியைத்தான். பௌல்பியின் செவிலியைப் போலவே, பள்ளி வயது வந்ததும் ஆயாவும் குழந்தையின் வாழ்விலிருந்து துடைக்கப்பட்டார். அந்த ஆயாவின் சொந்தக் குழந்தை அந்நேரம் யார் இடுப்பில் இருந்தது என்ற கேள்விக்குக் கடிதங்களிலும் மிஷன் அறிக்கைகளிலும் விடை தேடுவது கடினம். அங்கேயும் ஒரு பாட்டியோ அக்காளோ, ஒரு கிளை, சத்தமின்றி வேலை செய்திருக்க வேண்டும்.

தரக்குறைவு செய்யாத சமூகம்

இனி மலையின் பழைய குடிகளிடம் வருவோம். பளியரைப் பற்றி 1908-ல் தாமென் என்ற ஏசுசபைப் பாதிரியார் 'ஆந்த்ரோபோஸ்' ஆய்விதழில் எழுதிய கட்டுரை, பழனி மலைப் பளியர் பற்றிய முன்னோடி விவரணைகளில் ஒன்று. ஆழமான ஆய்வு 1962 முதல் 1964 வரை நடந்தது. பீட்டர் கார்டினர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் பளியரோடு வாழ்ந்து, அடுத்தடுத்த பத்தாண்டுகளிலும் திரும்ப வந்து எழுதினார். பளியர் பழனி மலையில் மட்டுமின்றி வருசநாடு, ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவுகள் வரை பரவியிருப்பவர்கள். கிழங்கு அகழ்ந்தும் தேன் எடுத்தும் வாழ்ந்தவர்கள்.

கார்டினர் பளியரிடையே கண்ட நடுநாயகமான விழுமியம் ஒரு தமிழ்ச் சொல்லில் அடங்குகிறது: தரக்குறைவு. ஒருவர் இன்னொருவரின் தரத்தைக் குறைக்கலாகாது. கட்டளையிடுவது தரக்குறைவு, போட்டி போடுவது தரக்குறைவு, ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டுப் பேசுவதும் அப்படியே. கணவன் மனைவிக்கோ, பெற்றோர் வளர்ந்த பிள்ளைக்கோ அதிகாரி அல்லர். பூசல் மூண்டால் அடித்துக்கொள்வதை விட ஒருவர் எழுந்து போய்விடுவது வழக்கம். இதை அவர் 1966-ல் 'சமச்சீர் மரியாதை' என்று பெயரிட்டு எழுதினார். அறிவும் அவர்களிடம் தனித்தனியாகவே இருந்தது. ஒரு செடியின் பெயரைக் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்லக்கூடும். மற்றவர் சொன்னதோடு பொருந்த வேண்டுமே என்ற கவலை குறைவு. ஆஷின் சோதனை அறைக்குள் இவர்களை உட்கார வைத்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

இவர்களுடைய குழந்தை வளர்ப்பு எப்படி? முதல் இரண்டு ஆண்டுகள் குழந்தை ஏறத்தாழ எப்போதும் ஓர் உடலோடு ஒட்டியே இருக்கிறது. சிணுங்கினால் பால், அதட்டல் இல்லை. இரண்டு, இரண்டரை வயதில் பால் மறக்கடிக்கப்படுகிறது; தாய் காட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறாள். குழந்தை புரண்டு அழுகிறது. பெரியவர்கள் அந்தக் கோபத்துக்கு இணங்குவதுமில்லை, தண்டிப்பதுமில்லை. நான்கைந்து வயதில் அது அடங்கி, குழந்தை தன் காலில் நிற்கத் தொடங்குகிறது. முழு நம்பிக்கையும், அதற்குப்பின் முழு விடுதலையும். இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒருவரையொருவர் சார்ந்து செய்யும் கூட்டுவேலை பளியரிடம் குறைவு என்பதைக் கார்டினரே மறைக்காமல் சொல்கிறார். பளியர் வாழ்வைப் பொற்காலமாக்கிப் பார்ப்பது நம் நோக்கமன்று.

பளியரை மட்டும் வைத்து இப்படி ஒரு தொடர்பைச் சொல்லிவிட முடியாது. நூற்றுக்கு மேற்பட்ட சமூகங்களின் குழந்தை வளர்ப்பை ஒப்பிட்டு ஹெர்பர்ட் பாரி, இர்வின் சைல்டு, மார்கரெட் பேகன் ஆகிய மூவர் 1959-ல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தானியமும் கால்நடையும் சேர்த்துவைத்து வாழும் சமூகங்கள் பிள்ளைகளைக் கீழ்ப்படிதலுக்கும் பொறுப்புக்கும் பழக்குகின்றன. அன்றன்று தேடி உண்ணும் வேட்டைச் சமூகங்கள் தன்முனைப்புக்கும் தற்சார்புக்கும் பழக்குகின்றன என்று கண்டார்கள். விதைநெல்லைத் தின்றுவிடாத பிள்ளை உழவனுக்கு வேண்டும். தானே முடிவெடுக்கும் பிள்ளை வேடனுக்கு வேண்டும். ஜான் பெர்ரி என்பவர் இதை ஆஷின் கோடுகளோடு இணைத்தார். சியரா லியோனின் நெல் விளைவிக்கும் டெம்னே மக்களிடமும், கனடாவின் பாஃபின் தீவில் வேட்டையாடும் எஸ்கிமோக்களிடமும், உங்கள் மக்களில் பெரும்பாலோர் இந்தக் கோட்டைத்தான் சொல்கிறார்கள் என்று தவறான ஒன்றைக் காட்டினார். டெம்னே மக்கள் அதிகம் இணங்கினார்கள்; வேட்டையாடிகள் தம் கண்ணை நம்பினார்கள். 1967-ல் வெளியான இந்த ஆய்வில்தான் இரண்டு அறைகளுக்கும் இடையே இருந்த கதவு முறையாகத் திறந்தது. மடியில் கற்றது கூட்டத்தில் வெளிப்படுகிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பளியர் எப்போதும் எவருக்கும் வளையாதவர்கள் என்று பொருளில்லை. சமவெளிக் குத்தகைதாரர், காட்டு அதிகாரி முன்னால் அவர்கள் பணிந்து ஒடுங்குவதையும், காட்டுக்குள் திரும்பியதும் பழைய சமத்துவத்துக்கு வந்துவிடுவதையும் கார்டினர் கண்டார். இரண்டு பண்பாடுகளில் மாறி மாறி நடமாடும் ஆற்றல் என்று அதை விளக்கினார். அந்த ஆற்றல் நிலைக்க, திரும்பிப் போக ஒரு காடு வேண்டும்.

தொட்டில் பழக்கம்

தமிழில் இந்த இரண்டு அறைகளுக்கும் ஒரே சொல் இருக்கிறது: பழக்கம். "குழந்தை அவரிடம் நன்றாகப் பழகிவிட்டது" என்றால் அது பிணைப்பு. "ஊரோடு பழகிப் போயிற்று" என்றால் அது கூட்டத்தின் செல்வாக்கு. "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்ற பழமொழியில் இரண்டும் சேர்ந்து வருகின்றன. தமிழ்க் குடும்பம் ஒன்றில் தங்கி அன்பை ஆராய்ந்த மார்கரெட் டிராவிக், 1990-ல் வெளியிட்ட நூலில், அன்பின் முகங்களாக அடக்கத்தையும் பழக்கத்தையும் எண்ணுகிறார். தாய் தன் பிள்ளை மீதுள்ள அன்பைக் கண்ணேறு பட்டுவிடுமென்று மறைப்பதும், பிறர் பிள்ளையை வெளிப்படையாகக் கொஞ்சுவதும், எந்தப் பிள்ளை யாருடையது என்று தெரியாதபடி பல கைகள் சோறூட்டுவதும் அவரை வியக்க வைத்தன. நம் வீடுகளை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. ஆனால் இந்தப் பல கைகள் அடக்கத்தையும் சேர்த்தே ஊட்டுகின்றன என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற அச்சம் சோற்றோடு உள்ளே போகிறது. பளியர் தாயின் மடி விட்டுவிடக் கற்றுக்கொடுக்கிறது. சமவெளித் தாயின் மடி விட்டுக்கொடுக்கக் கற்றுக்கொடுக்கிறது.

இப்படிப் பார்த்தால், தாய் மட்டுமே குழந்தையை ஆக்குகிறாள் அல்லது கெடுக்கிறாள் என்ற பேச்சு நிற்காது. பௌல்பியின் பெயரைச் சொல்லி வேலைக்குப் போகும் தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது ஒரு காலம். இன்னும் முற்றிலும் ஓயவில்லை. மடியைத் தாங்குவது கிளை. கிளையைத் தாங்குவது நிலமும் கூலியும். தோட்டங்களில் ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. உலக சுகாதார நிறுவனத்துக்குப் பௌல்பி அறிக்கை தந்த அதே ஆண்டு. ஆனால் கீழ்ப்பழனியின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு வட்டாரங்களில் உள்ள சிறு காப்பித் தோட்டங்களைப் போன்றவற்றில் ஐம்பது என்ற எண்ணிக்கையைத் தொடுவதே அரிது. 2017-ல் 26 வாரமாக உயர்ந்த பேறுகால விடுப்பும் நாட்கூலிப் பெண்ணை எட்டுவதில்லை. வேலை உண்டு, இல்லை என்பது விடிந்தால்தான் தெரியும் என்ற வாழ்க்கை, ரோசன்பிளத்தின் மூன்றாவது கூண்டை நினைவூட்டுகிறது.

பளியர் குழந்தைகளின் நிலை இன்னும் நுட்பமானது. காடுகள் காப்புக்காடுகளாகவும், 2013 முதல் பெரும்பகுதி கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாகவும் ஆகிவிட்டன. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏட்டில் தந்தது, எல்லாக் குடியிருப்புகளுக்கும் வந்து சேர்ந்துவிடவில்லை. பழங்குடிப் பிள்ளைகளுக்கென அரசு நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளிகள் தமிழகத்தின் மலைகளில் உள்ளன. படிப்பு வேண்டும், அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் கட்டளையும் ஒப்பீடும் தரக்குறைவு என்று கருதும் வீட்டிலிருந்து வரும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு, வரிசையும் மதிப்பெண்ணும் பிரம்பும் எப்படித் தோன்றும் என்பதை யோசிக்க வேண்டும். அப்பிள்ளை ஒருநாள் சொல்லாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால், அதை நாம் 'இடைநிற்றல்' என்று பதிவேட்டில் எழுதுகிறோம். அவர்களுடைய வழக்கத்தில் பூசலுக்கு முன் விலகிப்போவது நாகரிகம்.

1901-ல் தம் பிள்ளைகளுக்கு மலைமேல் பள்ளி கட்டிய வெள்ளைக்காரப் பெற்றோர், பிரிவின் துயரம் இன்னதென்று அறிந்திருந்தார்கள். கோடையில் மேலே வரவும், குளிர்காலத்தில் கீழே அழைக்கவும் ஆண்டையே அதற்கேற்ப வகுத்துக்கொண்டார்கள். அதே மலையின் பழைய பிள்ளைகளுக்காக விடுதி நடத்துகையில், தேன் எடுக்கும் பருவத்துக்கு ஒரு விடுமுறை, சமையற்கட்டில் பளியர் குடியிருப்பிலிருந்து ஒரு பெரியம்மா, முதல் வகுப்பில் அவர்கள் பேச்சறிந்த ஓர் ஆசிரியர் என்று மூன்று சிறு ஏற்பாடுகளை நம்மால் செய்ய முடியாதா? இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு ஆகாது. அந்தப் பிள்ளைக்கும் ஒரு கிளை உண்டு என்று பள்ளி ஒப்புக்கொண்டால் போதும்.